முல்லை 'பாஸ்டோரல்' ஆகுமா? கிளாடு லொரேனின் செப்புத்தகட்டு ஓவியத்தை முன்வைத்து ஒரு மறுப்பு

முல்லைத்திணையும் ஐரோப்பியரின் 'பாஸ்டோரல்' மரபும் ஒன்றே என்னும் கூற்று, ஒப்பிலக்கிய ஆய்வேடுகளில் நிறுவப்பட வேண்டிய கருத்தாக இடம்பெறுவதில்லை. அது முதல் இயலிலேயே முடிந்த முடிபாக வந்து அமர்ந்துவிடுகிறது. முல்லை நிலத்தில் ஆயர் உளர்; ஆநிரை உண்டு; குழலோசை கேட்கிறது. பாஸ்டோரல் கவிதையிலும் இவை உள்ளன. எனவே இரண்டும் ஒன்று என முடிவு செய்துவிட்டு, மீதியுள்ள இயல்களைச் சான்றுகளால் நிரப்புவது வழக்கமாகிவிட்டது. கருப்பொருள் ஒற்றுமையைத் திணை ஒற்றுமையாகக் கொள்வது தொல்காப்பிய நெறிக்கே முரணானது என்பதைத் தொல்காப்பியம் கற்பிக்கும் துறைகளிலிருந்தே எடுத்துரைக்க வேண்டியிருப்பது வியப்புக்குரியது.

பாஸ்டோரல் என்னும் சொல்லால் இவ்வாய்வேடுகள் எதனைக் குறிக்கின்றன என்பது முதலில் தெளிய வேண்டும். தியாக்ரிட்டஸ், வர்ஜில் ஆகியோர் பெயர்கள் சுட்டப்படினும், ஆய்வாளர் மனத்தில் நிற்பது அவர்தம் கவிதைகள் அல்ல. மர நிழல், நீரோடை, சிதறி மேயும் மாடுகள், ஓரத்தில் அமர்ந்து குழலூதும் ஒருவன், தொலைவில் கரைந்து மறையும் வெளிச்சம் என ஓர் ஓவியமே நிற்கிறது. அந்த ஓவியத்துக்குப் பிறந்த ஊரும் ஆண்டும் உண்டு. அதன் மிகச் சிறந்த வடிவங்களுள் ஒன்று 1636-ஆம் ஆண்டு உரோம் நகரில் ஒரு செப்புத்தகட்டின்மேல் உருவானது. கிளாடு லொரேன் ஆக்கிய அத்தகட்டின் படிகள் பிரித்தானிய அருங்காட்சியகம் உள்ளிட்ட பல தொகுப்புகளில் இன்று உள்ளன. 'மாட்டிடையன்' எனப் பொருள்படும் 'லெ பூவியே' என்னும் பிரெஞ்சுப் பெயரால் அது அறியப்படுகிறது. இப்பெயரும் பிற்காலத்தில் பட்டியல் தொகுத்தோரால் நிலைபெற்றதேயாகும்.

எட்சிங் எனப்படும் இக்கலையின் செய்முறை எளிதில் விளங்கக்கூடியது. செப்புத்தகட்டின் மீது மெழுகு கலந்த பூச்சு ஒன்றைப் பூசி, ஊசியால் அப்பூச்சைக் கீறி ஓவியம் வரைவர். தகட்டை அமிலத்தில் இட, கீறிய இடங்களில் மட்டும் செம்பு அரிக்கப்படும். பின் பூச்சை நீக்கி, அரிபட்ட குழிகளில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து அழுத்தினால் ஓவியம் இடவலம் மாறித் தாளில் பதியும். உளியால் செம்பைச் செதுக்குவோனுக்கு இல்லாத கையோட்டம் ஊசியால் வரைவோனுக்குக் கிட்டுகிறது. இலைக்கொத்தின் நடுக்கத்தையும் நீரின் மினுக்கத்தையும் கிளாடு கோடுகளால் பிடித்தது இதனால்தான். 19-ஆம் நூற்றாண்டில் செப்புத்தகட்டு ஓவியக்கலை குறித்துப் பெருநூல் எழுதிய ஹாமர்ட்டன், தொழில்திறத்தில் இத்தகட்டை நிலக்காட்சிகளுள் முதலிடத்தில் வைத்துப் போற்றினார். அப்பாராட்டில் மிகை இல்லை. மாடுகள் நீரைக் கடக்கின்றன. இடையன் அமர்ந்து குழலூதுகிறான். அடர்ந்த மரங்களுக்கு அப்பால் ஒளி விரிகிறது. இரு கையகல அளவும் இல்லாத தாளில் இத்துணைக் காற்றோட்டத்தைக் கொணர்தல் அரிய ஆற்றலே. அவ்வழகின் சிறப்பு இங்கு வாதத்துக்கு உரியதன்று. அவ்வழகு எதன்மேல் திரையாக விரிந்திருக்கிறது என்பதே வினா.

கிளாடு கண்டு வரைந்த நிலம் உரோமைச் சூழ்ந்த கம்பாஞா சமவெளி. 17-ஆம் நூற்றாண்டில் அது குடிகள் அருகிய நிலம். மலேரியா அங்கு ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டது. நிலத்தின் பெரும்பகுதி உரோமப் பெருங்குடும்பங்களின், திருச்சபை நிறுவனங்களின் பெரும்பண்ணைகளாக இருந்தது. இலையுதிர் காலத்தில் அப்பெனைன் மலைகளிலிருந்து மந்தைகள் சமவெளிக்கு இறங்கும். வெயில் முற்றும் முன் மீண்டும் மலையேறும். இப்போக்குவரவுக்கு மேய்ச்சல் வரி உண்டு. போப்பின் கருவூலத்துக்கு அவ்வரியைத் திரட்டவென்றே 'தோகானா' எனும் ஆட்சியமைப்பு இயங்கியது. தெற்கே நேப்பிள்சு அரசில் இத்தகைய ஓர் அமைப்பை அரகோனின் அல்போன்சோ 1447-இலேயே நிறுவியிருந்தான். எனவே, அங்கு மாடு மேய்த்தவன் வரிக்கும் வாடகைக்கும் காய்ச்சலுக்கும் இடையில் வாழ்ந்தவன். பெரும்பாலும் அவன் மேய்த்த மாடும் அவனுடையதன்று.

கிளாடின் புரவலர் யாவர் என்பதையும் இத்துடன் சேர்த்து நோக்குதல் தகும். பார்பெரினிக் குடியில் பிறந்த போப் எட்டாம் அர்பன் அவர்களுள் தலையாயவர். அக்குடும்பம் 1630-இல் பாலெஸ்திரினாவைக் கொலோன்னாக் குடும்பத்திடமிருந்து விலைக்கு வாங்கியது. போப்பின் கோடைமாளிகை அமைந்த கஸ்தெல் கந்தொல்போவை ஏரியின் பின்னணியில் வைத்து 1639-இல் கிளாடு ஆயர் காட்சி ஒன்றைத் தீட்டினார். நிலத்தை உடையவரின் கண்ணுக்கு நிலம் எவ்வாறு தோன்ற வேண்டுமோ அவ்வாறே அக்காட்சிகள் தோன்றுகின்றன. வேலியில்லை, வரி திரட்டுவோன் இல்லை, நோயாளி இல்லை. மாடுகள் தாமே மேய்கின்றன. மேய்ப்பவனுக்குக் குழலூத ஓய்வு வாய்த்திருக்கிறது. ஆங்கில நாட்டுப்புறக் கவிதை குறித்து ரேமண்ட் வில்லியம்ஸ் 1973-இலும், ஆங்கில நிலக்காட்சி ஓவியம் குறித்து ஜான் பேரல் 1980-இலும் இவ்வகைத் திரையை விரிவாக விலக்கிக் காட்டினர். நாற்பதாண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பியரே ஐயுற்று ஆராயும் ஒரு சொல்லைத் தமிழாய்வு இன்னமும் பாராட்டுச் சொல்லாக ஏந்திக்கொண்டிருக்கிறது.

ஒரு மறுப்பு எழக்கூடும். சிறு தாளில் விரல்நுனி அளவே உள்ள மனித உருவத்தில் வறுமையையும் வரியையும் காட்ட இயலுமா என்று வினவலாம். இயலும் என்பதற்குக் கிளாடின் தாயகமாகிய லொரேனிலேயே விடை உள்ளது. அந்நாட்டின் நான்சி நகரத்தவராகிய ஜாக் காலோ, கிளாடின் தகட்டுக்கு மூன்றாண்டுகள் முன்னர், 1633-இல், போரின் கொடுந்துயரங்களைப் பதினெட்டுத் தகடுகளாக வெளியிட்டார். பிரெஞ்சுப் படை லொரேனுக்குள் புகுந்த ஆண்டும் அதுவே. அத்தகடுகளில் உள்ள உருவங்கள் கிளாடின் இடையனினும் பெரியன அல்ல. கொள்ளையிடப்படும் வீடும், எரியூட்டப்படும் ஊரும், ஒரே மரத்தில் தூக்கிலிடப்பட்ட பலரும் அவ்வளவிலேயே தெளிவாகத் தெரிகின்றனர். செம்பும் அமிலமும் ஒன்றே, தேர்வு வேறு. ஆதலால் அளவைக் காரணங்காட்டித் தப்புதல் பொருந்தாது.

இனி முல்லைக்கு வருவோம். சங்கப்பாடல்களின் இடையன் எத்தகையவன்? நற்றிணை 142-ஆம் பாடலில் வருபவன் பால் விற்பவன். உறியையும் தீக்கடைகோலையும் பிற கருவிகளையும் தோலோடு சேர்த்துச் சுருட்டி, முதுகிலிட்ட ஓலைப்பாயின்மீது வைத்துச் சுமந்திருக்கிறான். நுண்மழை அவன் உடலின் ஒரு பக்கத்தை நனைக்கிறது. கோலை ஊன்றி, அதன்மேல் ஒரு காலை வைத்து ஒடுங்கி நின்றவாறே அவன் எழுப்பும் சீழ்க்கையொலி கேட்டு ஆட்டுமந்தை திகைத்து நின்றுவிடுகிறது. அவன் நனைந்துகொண்டு வேலை செய்கிறான். மரநிழலில் அமர்ந்து ஓய்வு கொள்ளவில்லை. அவனுடைய ஒலி மந்தைக்கு இடப்படும் கட்டளை. கேட்போர் செவிக்கு இனிமையூட்ட எழுந்ததன்று.

பெரும்பாணாற்றுப்படையின் இடையன் இதனினும் விரிவாகத் துலங்குகிறான். உருத்திரங்கண்ணனார் அவன் உடலைப் பகுதி பகுதியாகக் காட்டுகிறார். செருப்புப் பட்டுப் பட்டு வடு ஆழ்ந்த அடி. கோலூன்றியும் மழுவாளியும் வலிமையேறிய கை. உறிக்காவடி சுமந்து தழும்பேறிய தோள். இத்தழும்புகளே அவனுக்கு அடையாளம். அவன் மனைவி விடியலில் தயிர் கடைந்து, மோர்ப்பானையைத் தலையில் சுமந்து சென்று விற்று, அவ்வருவாயில் கிளையை உண்பிக்கிறாள். நெய்யின் விலைக்குப் பொன் தரினும் கொள்ளாள்; எருமையும் பசுவும் கன்றுமாகவே பெறுகிறாள். பொன்னினும் மந்தையே பெருகும் செல்வம் என்னும் கணக்கு அவளுக்குத் தெரியும். ஆயர் குடியின் பொருளியலை இத்துணைச் சுருக்கமாகவும் துல்லியமாகவும் சொல்லும் பகுதி சங்க நூல்களில் வேறு உண்டா என்பது ஐயமே.

அவ்விடையனும் குழலூதுகிறான், ஒப்பியலார் பற்றிக்கொள்ளும் கொம்பும் இதுவே. ஆயின் அக்குழல் எவ்வாறு உருவாயிற்று என்பதைப் புலவர் சொல்லாமல் விடவில்லை. தீக்கடைகோலைக் கைவருந்தக் கடைந்து எழுப்பிய நெருப்பால் சுட்டுத் துளையிட்ட குழல் அது. ஆகவே அதன் துளைகள் கரியன. குழலிசை சலித்தபோது, குமிழங்கொம்பை வளைத்து மரல்நார் கட்டிய வில்யாழை மீட்டுகிறான். உணவு சமைக்கவும் குளிர்காயவும் பயன்படும் அதே கருவியிலிருந்து இசைக்கருவி பிறக்கிறது. கிளாடின் இடையன் கையில் குழல் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாதவாறு அவ்வோவியம் அமைந்திருக்கிறது. குழல் இரண்டிலும் உண்டு என்பதால் இரண்டும் ஒன்று என்பார், துளையின் கருமையைக் கண்டிலர்.

பொழுதைப் பற்றியும் ஒரு சொல். கிளாடு காலை, மாலை என இணையோவியங்கள் தீட்டியவர். ஞாயிற்றின் ஒளியை ஓவியத்தின் உள்ளேயே வைத்துப் பழகியவர். எனினும் அவருக்குப் பொழுது என்பது ஒளியின் நிறம். முல்லையில் கார்காலமும் மாலையும் சொல்லப்பட்ட சொல்லுக்கு உரிய கெடுக்கள். கார் வந்துவிட்டது, அவன் வரவில்லை என்பதில்தான் பாடல் தொடங்குகிறது. மாலையை நீக்கினால் முல்லைப்பாடல் இல்லை. அவ்வோவியத்தில் காலையை மாலையாகக் கொண்டாலும் இழப்பு எதுவும் நேராது.

இருப்பினும் வேறுபாடு காட்டுவதோடு நிறுத்தினால், 'எம்மவர் உண்மையைப் பாடினர், அவர்கள் பொய்யைத் தீட்டினர்' என்னும் தற்பெருமையில் முடியும். அத்தற்பெருமையும் ஒப்பியல் ஆய்வேடுகளின் மறுபக்கமே. ஐரோப்பியருக்கு முன்னரே தமிழர் பாஸ்டோரல் படைத்தனர் என்று எழுதுவோர், தியாக்ரிட்டஸ் கி.மு. 3-ஆம் நூற்றாண்டினர் என்பதையும் மறந்துவிடுகின்றனர். முல்லையிலும் இடையனுக்கு உரிய இடம் எது என்று கேட்கத்தான் வேண்டும். நற்றிணைப் பாடலின் இடையன், தேரில் திரும்பும் தலைவன் வழியில் காணும் ஒரு காட்சி. அவன் கருப்பொருள், உரிப்பொருள் அவனுடையதன்று. ஆயருள்ளும் தலைமக்கள் உண்டு எனத் தொல்காப்பியம் இடங்கொடுக்கிறது. கலித்தொகையின் முல்லைக்கலி அவ்விடத்தை ஏறுதழுவலாலும் ஆயர் மகளிர் உரையாடலாலும் நிரப்புகிறது. தியாக்ரிட்டசோடு ஒப்பிடத் தகுவது ஏதேனும் உண்டெனில் அது முல்லைக்கலிதான்; ஆய்வேடுகளோ அதனை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றன.

முதன்மையான வேறுபாடு தொல்காப்பியத்தின் புறத்திணையியலில் உள்ளது. முல்லைக்குப் புறன் வஞ்சி. வஞ்சி என்பது மண்ணாசை கொண்ட வேந்தன்மேல் மற்றொரு வேந்தன் படையெடுத்துச் செல்வது. மேய்ச்சல் நிலத்தின் அகப்பக்கத்தில் மனைவி காத்திருக்கிறாள். புறப்பக்கத்தில் நிலத்துக்கான போர் நடக்கிறது. ஒன்றின் காரணம் மற்றொன்று. கம்பாஞாவின் ஓவியங்கள் எதனை மறைத்தனவோ, நிலம் யாருடையது, யாருக்காக என்னும் அதே வினாவைத் தமிழ் இலக்கணம் முல்லையின் மறுபக்கமாக வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. இவ்விணைப்பு, புலவர் புகழ் பாடும் வேந்தனின் ஆசையை மறுத்துரைக்கவில்லை என்பது உண்மை. ஆயினும் அதனைக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யவுமில்லை. முல்லையை பாஸ்டோரல் என மொழிபெயர்க்கும் கணத்தில் வஞ்சி உதிர்ந்துவிடுகிறது. காதல், காத்திருப்பு, மாடு, மழை ஆகியவை மட்டும் எஞ்சுகின்றன. எஞ்சியதைக் கிளாடின் தகட்டோடு ஒப்பிடுவதில் அரிதொன்றும் இல்லை. ஒப்பிடுவதற்கு முன்பே ஒப்பாக வெட்டப்பட்டுவிட்டதன்றோ?

இது வெறும் சொற்பூசல் என ஒதுக்குவதற்கில்லை. ஹெர்மன் டீக்கன் 2001-இல் வெளியிட்ட நூலில், சங்கப் பாடல்களைப் பிற்காலக் காவிய மரபுக்குள் வைத்து, அகப்பாடல்களை நயநாகரிகமுடைய நகரத்தார் நாட்டுப்புறத்தாரை நோக்கும் பார்வையின் விளைவாகக் காட்ட முற்பட்டார். அவர்தம் காலக்கணிப்பைத் தமிழாய்வாளர் கடுமையாக மறுத்தனர். மறுத்தவருள் பலரும் முல்லையை பாஸ்டோரல் என எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை. பாஸ்டோரல் என்பதன் பொருளே நகரத்தார் நாட்டுப்புறத்தாரைப் பார்க்கும் பார்வைதான். எதிராளியின் கருதுகோளைக் கலைச்சொல்லாக ஏற்றுக்கொண்டு, அவர் சொல்லும் ஆண்டை மட்டும் மறுப்பதனால் விளையும் பயன் என்ன? கா. சிவத்தம்பி 1974-இலேயே திணைக்கோட்பாட்டைத் தென்னிந்தியச் சமூகத்தின் சமனற்ற பொருளியல் வளர்ச்சியோடு பொருத்திக் காட்டியிருக்கிறார். அக்கட்டுரையை மேற்கோள் பட்டியலில் சேர்ப்போர் பலர்; அதன் வழி நின்று முல்லையைப் படிப்போர் சிலரே.

'நிலக்காட்சி' என்னும் சொல்லின் கதையும் இதனோடு பிணைந்தது. 'லேண்ட்ஸ்கேப்' ஏறத்தாழ 1600-ஐ ஒட்டி, டச்சு ஓவியர் வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்குள் ஓவியக் கலைச்சொல்லாகப் புகுந்தது. நிலத்தைக் குறிக்குமுன் அது நிலத்தின் படத்தைக் குறித்தது. தனிநாயக அடிகள் 1966-இலும், ஏ.கே. இராமானுஜன் 1967-இலும் தத்தம் நூல்தலைப்புகளில் அச்சொல்லை ஆண்டனர். உலகம் சங்கப்பாடல்களை அறிந்தது அந்நூல்களால் என்பதில் ஐயமில்லை. அவர்கள் அச்சொல்லை எடுத்தாண்டதும் தக்க விழிப்போடுதான். பின்வந்தோர் விழிப்பை விட்டுச் சொல்லை மட்டும் பெற்றுக்கொண்டனர். திணை என்பது ஒழுக்கம் என்னும் பாடம் வகுப்பறையில் நடத்தப்பட்டு, ஆய்வேட்டில் அது காட்சியாகச் சுருங்கியது.

இந்திய நிலமும் இக்கண்ணாடி வழியே பார்க்கப்பட்டதுண்டு. 'ஆங்கிலக் கிளாடு' என வழங்கப்பட்ட ரிச்சர்டு வில்சனின் மாணவர் வில்லியம் ஹாட்ஜஸ் 1780-இல் சென்னைக்கு வந்தார். 1785 முதல் 1788 வரை இந்தியக் காட்சிகளை 48 தகடுகளாக வெளியிட்டார். தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792, 1793 ஆண்டுகளில் தமிழ்நிலத்தில் பயணம் செய்தனர். 1795 முதல் 1808 வரை வெளிவந்த அவர்களுடைய 144 அமிலத்தகட்டுக் காட்சிகளில் தஞ்சைக் கோயிலும் பாபநாசத்து அருவியும் இடம்பெற்றன. கல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபத்தில் அவர்களுடைய ஓவியங்களின் பெருந்தொகுப்பு உள்ளது. கும்பினியாருக்கும் திப்பு சுல்தானுக்கும் நடந்த மூன்றாம் மைசூர்ப் போர் 1792-இல்தான் முடிந்திருந்தது. அவ்வாண்டில் வரையப் புறப்பட்டவர் கையில் கிளாடிடமிருந்து வழிவழியாக வந்த அமைதியான முன்னிலமும் ஒளிபொருந்திய தொலைவும் ஆயத்தமாக இருந்தன.

18-ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பயணிகள் 'கிளாடு கண்ணாடி' என்றொரு பொருளைக் கையில் கொண்டு திரிந்தனர். கருமை ஏற்றிய சிறு குவியாடி அது. அழகிய இடம் வந்தவுடன் அவ்விடத்துக்குப் புறமுதுகு காட்டி நின்று, கண்ணாடியில் தெரியும் சிறிய, மங்கிய, சட்டமிட்ட காட்சியைக் கண்டு மகிழ்வர். கவிஞர் தாமஸ் கிரே 1769-இல் ஏரி நாட்டில் அவ்வாறு பார்த்துக்கொண்டு சென்று சேற்றுப்பாதையில் மல்லாந்து விழுந்தார். விரல்கணுக்கள் மட்டுமே அடிபட்டன என்றும், விழுந்தபின்னும் ஞாயிறு மறைவதைப் பார்த்தே திரும்பினார் என்றும் அவரே எழுதியிருக்கிறார். முல்லைப்பாட்டுக்குப் புறமுதுகு காட்டி நின்று, கையிலுள்ள ஐரோப்பியக் கண்ணாடியில் அதன் சாயலைப் பார்ப்போர் இன்னும் விழவில்லை என்பதே வேறுபாடு.

முல்லைப்பாட்டை நேராகத் திரும்பி நோக்கினால் தெரிவது வேறு. நப்பூதனாரின் 103 அடிகளில் ஆயர்மகள் தோன்றுவது சில அடிகளிலேயே. தாயைப் பிரிந்து வருந்தும் கன்றுகளை அவள் ஆற்றுகிறாள். தாய்மார் இப்போதே வருவர் என்கிறாள். விரிச்சி கேட்க நின்ற பெருமுது பெண்டிர் அதனை அரசிக்கான நற்சொல்லாக எடுத்துச் செல்கின்றனர். உழைப்பவள் தன் கன்றுக்குச் சொன்ன சொல் அரண்மனையின் தேவைக்குப் பயன்படுவதைப் பாடல் மறைக்கவில்லை. பாசறை அமைக்கும் பகுதியோ இன்னும் கூர்மையானது. காட்டாறு சூழ்ந்த அகன்ற முல்லை நிலத்தில் பிடவத்தையும் பசும்புதர்களையும் வெட்டி, வேட்டுவரின் சிற்றரண்களை அழித்து, முள்வேலியிட்டுக் கடல்போலப் பாடி இறங்குகிறது. முல்லையின் கருப்பொருள்களை முல்லைப்பாடலே வெட்டி வீழ்த்துகிறது. கிளாடின் மரக்கூட்டத்தில் ஒரு கிளைகூட இவ்வாறு வெட்டுண்ண இயலாது.

ஒப்பாய்வு வேண்டா என்பது இங்குக் கருத்தன்று. வர்ஜிலின் முதல் ஆயர் பாடலில், போர்வீரருக்குப் பங்கிடுவதற்காக நிலம் பறிக்கப்பட்ட ஒருவன் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஊரை விட்டு வெளியேறுகிறான். கி.மு. 42-ஆம் ஆண்டு பிலிப்பிப் போருக்குப் பின் இத்தாலியில் நேர்ந்த நிலப்பறிப்பு அதன் பின்னணி. முல்லைக்கும் வஞ்சிக்கும் உள்ள உறவைத் தெரிந்தவர்க்கு அப்பாடலைப் படிக்கும் வழி திறந்தே இருக்கிறது; அவ்வழியில் சென்ற ஆய்வேடுகள் தாம் இல்லை. ஓவியத்தோடுதான் ஒப்பிட வேண்டுமெனில், நப்பூதனாரின் பாசறைப் பகுதிக்கு அருகே வைக்கத் தகுந்தவை காலோவின் பதினெட்டுத் தகடுகள். அப்பாசறையில் வேந்தனுக்கு உறக்கம் வரவில்லை. துதிக்கை துணிபட்ட யானைகளையும், வெற்றிக்காக வீழ்ந்த வீரர்களையும், அம்பு பாய்ந்த நோவால் செவி சாய்த்து இரை உண்ணாமல் நிற்கும் குதிரைகளையும் எண்ணிக்கொண்டு கிடக்கிறான்.